சந்தாதாரருக்குச் சொல்லும் புத்தாண்டு நன்றியும் அதன் பின்னுள்ள கணக்கும்

நெடுங்காலமாக வெளிவரும் இதழ் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் ஜனவரி இதழின் முதல் பக்கங்களில் ஆசிரியர் கையொப்பமிட்ட ஒரு நன்றிக் குறிப்பைக் காணலாம். கடந்த ஆண்டு முழுவதும் உடனிருந்த வாசகர்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் முகவர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் நன்றி, வரும் ஆண்டிலும் இந்த ஆதரவு தொடர வேண்டும் என்ற அளவில் அது பெரும்பாலும் முடிந்துவிடும். பழகிய வாசகர் அதைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவதில் வியப்பில்லை. சென்ற ஆண்டின் குறிப்பில் ஆண்டை மட்டும் திருத்தி அச்சிட்டிருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆயினும் இந்த வழக்கம் தோன்றிய சூழலையும், இதழ் நடத்துவதில் சந்தா வகிக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், இது வெறும் உபசாரமாகத் தொடங்கவில்லை என்பது புலப்படும். இன்னும் எழுதப்படாத பக்கங்களுக்காக முன்கூட்டியே பணம் கொடுத்தவரிடம், அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று ஒப்புவிக்கும் கடமையே இந்த நன்றியின் அடிப்படை.

ஜனவரி மாதம் இதற்கு வாய்த்ததில் நாள்காட்டியின் பங்கைவிட அச்சுத் தொழிலின் பங்கே அதிகம். பருவ இதழ்கள் ஆண்டுக்கு ஒரு தொகுதியாக எண்ணிடப்பட்டன. ஆண்டு முடிந்ததும் வாசகர்கள் பன்னிரண்டு மாத இதழ்களையும் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்வதற்கு வசதியாக, முகப்புத் தாளும் பொருளடைவும் தனியே அச்சிட்டு அனுப்பப்பட்டன. 1731 ஜனவரியில் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ இவ்வாறு ஆண்டுத் தொகுதிகளாகத் திரண்டது. ஒவ்வொரு தொகுதிக்கும் வாசகரை நோக்கிய ஒரு முன்னுரை இணைந்தது. பிற்காலத்தில் ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன், பிழைப்புக்காக அந்த இதழில் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், இத்தகைய முன்னுரைகள் சிலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆண்டு முடிவில் எழுதப்பட்டுத் தொகுதியின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட அந்த முன்னுரைதான் இன்றைய புத்தாண்டுக் குறிப்பின் நேர் மூதாதை. புதிய தொகுதி தொடங்கும் மாதமே சந்தாவைப் புதுப்பிக்கும் மாதமாகவும் இருந்தபடியால், நன்றியும் வேண்டுகோளும் ஒரே தாளில் வந்து சேர்ந்தன.

வாசகருக்குச் சொன்ன நன்றிகளில் மிக வெளிப்படையான ஒன்றை அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அச்சிட்ட ‘புவர் ரிச்சர்ட்’ ஆண்டுப் பஞ்சாங்கத்தில் காணலாம். ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற கற்பனைச் சோதிடரின் பெயரில் வெளிவந்த அந்த நூலின் முதல் பதிப்பு 1733ஆம் ஆண்டுக்கானது. தான் மிகவும் ஏழை என்றும், தன் கருவிகளையும் புத்தகங்களையும் வைத்து நாலு காசு சம்பாதிக்காவிட்டால் அவற்றைக் கொளுத்திவிடப்போவதாக மனைவி மிரட்டுகிறாள் என்றும் அதில் சோதிடர் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டுப் பதிப்பின் முன்னுரை அதற்கான கணக்கைத் தீர்க்கிறது. நீங்கள் வாங்கிய பிரதிகளால் என் மனைவிக்குச் சொந்தமாக ஒரு பாத்திரம் வந்துவிட்டது, இனி அண்டை வீட்டில் இரவல் கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு ஜோடிக் காலணியும் புதிய உள்ளாடைகளும் குளிருக்கான பாவாடையும் கிடைத்திருக்கின்றன. நானும் பழைய கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன், இப்போது ஊருக்குள் தலைகாட்ட வெட்கமாயில்லை என்று சாண்டர்ஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். சோதிடர் கற்பனையானவர், பாத்திரமும் கோட்டும் கற்பனையானவை. பணம் இன்னதற்கு ஆயிற்று என்று சொல்லும் அந்த முறை மட்டும் கற்பனையன்று. இன்றைய நன்றிக் குறிப்புகள் பலவற்றில் காணாமற்போனது அந்த முறைதான்.

கணக்குப் பதிவியலில் இதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. ஒரு மாத இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டிய நாளில் அந்தப் பணம் இதழின் கைக்கு வந்துவிட்டாலும், அது வருமானமாக எழுதப்படுவதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் முன்கூட்டிப் பெற்ற சந்தா, காகிதக் கடைக்கும் அச்சகத்துக்கும் தரவேண்டிய பாக்கியைப் போலவே, பொறுப்புகள் பக்கத்தில் நிற்கிறது. ஒவ்வோர் இதழும் வாசகருக்கு அனுப்பப்படும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு அங்கிருந்து கழிந்து வருமானத்துக்கு மாறுகிறது. ஆகவே ஜனவரி முதல் தேதியன்று சந்தா கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாசகர் இதழுக்குக் கடன் கொடுத்தவர் என்பதே கணக்கின்படியான நிலை. வட்டியில்லாமலும் பிணையில்லாமலும் கொடுத்த கடன் அது; ஒரு கட்டுரைகூட எழுதப்படுவதற்கு முன், அச்சகத்துக்கு முன்பணம் தரவும் காகிதம் வாங்கவும் அதுவே உதவுகிறது. கடையில் தொங்கும் இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கும் வாசகருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னவர் பார்த்த பொருளை வாங்குகிறார். பின்னவர் பார்க்காத பொருளுக்காக ஆசிரியரின் சொல்லை நம்புகிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்த நன்றியை ஆசிரியருக்கு முன்பாகப் பத்திரிகை போடும் பையன்கள் சொல்லத் தொடங்கினர். புத்தாண்டு நாளில், தாம் ஆண்டு முழுவதும் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளுக்கு, ஒற்றைத் தாளில் அச்சிட்ட செய்யுள் ஒன்றை அவர்கள் எடுத்துச் சென்றனர். 1720களிலேயே ஃபிலடெல்ஃபியாவில் அக்விலா ரோஸ் என்ற அச்சுத் தொழிலாளிக் கவிஞர் இப்படிப்பட்ட செய்யுட்களை அந்தப் பையன்களுக்காக இயற்றியிருக்கிறார். கடந்த ஆண்டின் போர், தேர்தல், விலைவாசி எல்லாவற்றையும் எதுகையோடு தொட்டுவிட்டு, மழையிலும் பனியிலும் நடந்து வந்ததை நினைவூட்டி, கடைசி வரிகளில் அன்பளிப்புக் கேட்டு முடிவது அதன் இலக்கணம். கவித்துவம் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் என்ன செய்தோம், என்ன வேண்டுகிறோம் என்ற இரண்டையும் மறைக்காமல் சொன்ன வகையில், பூசிமெழுகும் ஆசிரியர் குறிப்புகளைவிட அந்தத் தாள்கள் நாணயமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அவ்வழக்கம் அங்கே நீடித்தது.

விசுவாசமான வாசகர் என்ற சொற்றொடர் மிகையாகப் புழங்கித் தேய்ந்துவிட்டது. அதன் முழுப் பொருளை அறிய, பாஸ்டன் நகரில் வில்லியம் லாயிட் காரிஸன் நடத்திய ‘லிபரேட்டர்’ வார இதழின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்கலாம். அடிமை முறையை உடனடியாக ஒழிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் 1831 ஜனவரி 1ஆம் தேதி அது தொடங்கியபோது காரிஸனுக்கு வயது 25. கையில் மூலதனம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆண்டுச் சந்தா 2 டாலர். முதல் இதழ் வெளிவருவதற்கு முன்பே, ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் பாய் தைக்கும் தொழில் நடத்திவந்த கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஃபோர்டன், 27 பேருக்கான சந்தாவாக 54 டாலரைச் சேர்த்து அனுப்பினார். தொடக்க ஆண்டுகளில் அந்த இதழைத் தாங்கிய சந்தாதாரர்களில் பெரும்பான்மையினர் அவரைப் போன்ற சுதந்திரக் கறுப்பினத்தவரே. நாட்டின் தென்மாநிலங்களில் அவ்விதழை வைத்திருப்பதே ஆபத்தாகக் கருதப்பட்ட காலம் அது. விற்பனை எப்போதும் சில ஆயிரங்களுக்கு மேல் சென்றதில்லை.

அந்தச் சந்தாதாரர்களில் ஒருவரின் கதை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து 1838இல் தப்பி நியூ பெட்ஃபோர்டு வந்து சேர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அங்கு வந்த நான்கு மாதங்களில் ஓர் இளைஞர் தம்மிடம் சந்தா கேட்டு வந்ததைத் தம் தன்வரலாற்றில் விவரிக்கிறார். இப்போதுதான் தப்பி வந்திருக்கிறேன், பணம் கட்ட வழியில்லை என்று முதலில் சொன்னவர், பின்னர் எப்படியோ சந்தாதாரராகிவிட்டார். வாரந்தோறும் வந்த அந்த இதழ் தமக்கு உணவும் பானமுமாக இருந்தது என்பது அவர் எழுதியது. எழுத்தறிவே மறுக்கப்பட்ட நிலையிலிருந்து வந்த ஒருவர், கப்பல் துறையில் கிடைத்த கூலி வேலையிலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டிய சந்தா அது என்பதை எண்ணிப் பார்த்தால், இதழாசிரியர் ஒருவர் யாருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்பது தெளிவாகும்.

காரிஸன் தம் இதழை முடித்த விதமும் கவனிக்கத்தக்கது. அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதே மாதம் 29ஆம் தேதி ‘லிபரேட்டர்’ தன் கடைசி இதழை வெளியிட்டது. எந்த நோக்கத்துக்காக இதழ் தொடங்கப்பட்டதோ அது நிறைவேறிவிட்டது, ஆகவே இதழின் வாழ்வும் இத்துடன் முடியலாம் என்று விடைபெறும் உரையில் அவர் எழுதினார். 35 ஆண்டுகள், 1,820 இதழ்கள். ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. இதழ் ஆண்டின் இறுதி வாரத்தில், 35ஆவது தொகுதி நிறைவுற்ற நாளில் நின்றதால், அந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குத் தரவேண்டிய இதழ் ஒன்றுகூடப் பாக்கியில்லை. இடைவழியில் சொல்லாமல் நின்றுபோன எத்தனையோ இதழ்களின் சந்தாதாரர்களுக்கு இந்த நேர்த்தியின் அருமை நன்றாகவே விளங்கும்.

சிறிய இதழ்களுக்கும் பெரிய இதழ்களுக்கும் நன்றி ஒரே மாதிரி அமைவதில்லை. 1912இல் சிகாகோவில் ‘பொயட்ரி’ என்ற கவிதை மாத இதழைத் தொடங்கிய ஹேரியட் மன்றோ, ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் தருவதாக ஏறக்குறைய நூறு பேரிடம் முன்பே வாக்குப் பெற்றுக்கொண்டார்; அவ்விதழ் நூற்றாண்டு கடந்து இன்றும் வருகிறது. தமிழில் 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ், பாரதியார் பொறுப்பில் இருந்தபோது, எல்லாருக்கும் ஒரே சந்தா என்று வைக்காமல், அரசுக்கும் ஜமீன்தார்களுக்கும் கூடுதலாகவும் எளியவர்களுக்குக் குறைவாகவும் படிநிலைச் சந்தா அறிவித்தது. 1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ மிகச் சிறிய சந்தாதாரர் வட்டத்தை நம்பியே 1970 வரை வந்தது. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’, போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்டபோதும், பின்னர் கொழும்பிலிருந்து, 2012 வரை வெளிவந்தது. பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் ஆசிரியருக்கு வழக்கமாயிருந்தது. இப்படிப்பட்ட இதழ்களில் நன்றி என்பது பெயர்களின் பட்டியலாகவே அமைந்துவிடும்: இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு என்று பின்னட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட பட்டியல். அதை விடச் சிறந்த நன்றியுரையை நான் எங்கும் படித்ததில்லை. விற்பனை லட்சங்களைத் தொடும் இதழ்களுக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால்தான் அவற்றின் நன்றி பொதுச்சொற்களில் கரைந்துவிடுகிறது.

பழைய வாசகர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கூட்டல் பெருக்கலில் காட்டிவிடலாம். ஓராண்டில் ஆயிரம் பேர் சந்தா கட்டுகிறார்கள் என்றும், ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் புதுப்பிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல விகிதமாகவே இருக்கும். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த ஆயிரத்தில் எஞ்சுவோர் 328 பேர். பத்து ஆண்டுகள் கழித்து 107 பேர். புதுப்பிப்போர் நூற்றுக்குத் தொண்ணூறாக உயர்ந்தால் பத்து ஆண்டுகளில் 349 பேரும், தொண்ணூற்றைந்தாக உயர்ந்தால் 599 பேரும் நிற்பார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாகத் தங்குவது முதல் ஆண்டில் கண்ணுக்கே தெரியாது. பத்தாவது ஆண்டில் இதழ் நிற்குமா நடக்குமா என்பதையே அது தீர்மானித்துவிடும். கால் நூற்றாண்டு கடந்த இதழ் ஒன்றின் முதலாண்டுச் சந்தாதாரர் இன்றும் பட்டியலில் இருக்கிறார் என்றால், மேலே சொன்ன கழித்தல் அத்தனையையும் தாண்டி நிற்பவர் அவர். ஆண்டுதோறும் மேலுறையின் முகவரிச் சீட்டில் ‘உங்கள் சந்தா இந்த இதழுடன் முடிவடைகிறது’ என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு, நினைவூட்டல் கடிதம் இல்லாமலேயே பணம் அனுப்பி வைத்தவர்.

அப்படிப்பட்டவருக்கு இதழ்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கிறது. புதிதாகச் சேர்பவருக்குப் பாதி விலை, கூடவே ஒரு பரிசுப் பொருள். முப்பது ஆண்டுகளாகத் தொடர்பவருக்கு முழு விலை. புதியவரைக் கொண்டுவர விளம்பரச் செலவு ஆகிறது என்பதும், பழையவர் எப்படியும் கட்டிவிடுவார் என்பதும் விற்பனைப் பிரிவின் நியாயம். வணிகக் கணக்கில் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே இதழின் முதல் பக்கத்தில், எங்கள் மீது மாறாத அன்பு வைத்த பழைய வாசகர்களே எங்கள் சொத்து என்று ஆசிரியர் எழுதும்போது, எட்டாம் பக்கத்துச் சலுகை விளம்பரம் அதை மறுத்துவிடுகிறது. தொடர்ந்து புதுப்பிப்பவருக்குச் சந்தாவைச் சிறிதளவு குறைப்பதோ, விலையேற்றத்தை ஓராண்டு தள்ளி வைப்பதோ, ஒரு பக்க நன்றியுரையைவிட அதிகம் பேசும்.

சந்தாப் பட்டியலில் இல்லாத வாசகரையும் மறந்துவிடக் கூடாது. 1711 மார்ச்சில் லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ நாளிதழில், தினமும் 3,000 பிரதிகள் செல்வதாகவும், ஒரு பிரதிக்கு இருபது பேர் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் தமக்கு 60,000 வாசகர்கள் உண்டு என்றும் ஜோசஃப் அடிசன் எழுதினார். இருபது என்ற எண்ணில் கொஞ்சம் தற்பெருமை கலந்திருக்கலாம். ஆனாலும் நூலகத்திலும் அலுவலக வரவேற்பறையிலும் இரவலாகவும் படிப்போரின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் வாங்குவோரின் எண்ணிக்கையை விடப் பெரியதே. இவர்களுள்ளும் சந்தாதாரர்களுள்ளும் மிகப் பெரும்பாலோர் ஒரு முறைகூட ஆசிரியருக்குக் கடிதம் எழுதாதவர்கள். கடிதம் எழுதுவோரின் விருப்பத்தையே வாசகர் விருப்பம் என்று கொள்வது ஆசிரியர்களுக்கு எளிதில் நேரும் வழுக்கல்; எழுதாதவர் எதற்காகத் தொடர்கிறார் என்பதை அவர் புதுப்பிக்கும் செயலிலிருந்து மட்டுமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பழைய வாசகரின் பற்றுக்கு ஒரு விலையும் உண்டு. குறுக்கெழுத்துப் புதிரை வேறு பக்கத்துக்கு மாற்றினால்கூட, தம் வீட்டுத் தளவாடத்தைத் தம்மைக் கேட்காமல் நகர்த்திவிட்டது போலக் கடிதம் எழுதுபவர் அவர். அவருடைய வயது ஏற ஏற இதழும் அவருடனேயே முதுமையடையும் அபாயம் இருக்கிறது. 1785 ஜனவரி 1ஆம் தேதி லண்டனில் ஜான் வால்டர் தொடங்கிய ‘டெய்லி யுனிவர்சல் ரிஜிஸ்டர்’, சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து 1788 ஜனவரி 1ஆம் தேதி ‘டைம்ஸ்’ என்று பெயர் மாறியது. ‘ரிஜிஸ்டர்’ என்றால் பதிவேடு; அந்தப் பழைய பெயர் வேறு பதிவேடுகளோடு குழம்பிப்போவதை வாசகர்களுக்கு அவர் நகைச்சுவையோடு விளக்கினார். மாற்றம் ஏதேனும் செய்வதாயிருந்தால் அதைச் சொல்வதற்குப் புத்தாண்டு இதழைவிட ஏற்ற இடமில்லை. விலை கூடுகிறதா, பக்கம் குறைகிறதா, ஒரு தொடர் நிறுத்தப்படுகிறதா, அவற்றைக் காரணத்தோடு சொல்லும் ஆசிரியரை வாசகர் ஏசினாலும் விட்டுப் போவதில்லை. சொல்லாமல் செய்தால், சந்தா முடியும் மாதத்தில் ஓசையின்றி விலகிவிடுகிறார்.

1953 ஜனவரியில் வாஷிங்டனில் ஐ.எஃப்.ஸ்டோன் தம் பெயரிலேயே தொடங்கிய நான்கு பக்க வார இதழ் இவ்வகையில் ஒரு நல்ல சான்று. முன்பு அவர் எழுதி, பின்னர் மூடப்பட்ட நாளிதழ்களின் வாசகர் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பித் திரட்டிய 5,300 சந்தாதாரர்களுடன் அது தொடங்கியது. விளம்பரமில்லை, அலுவலகப் பரிவாரமில்லை. எழுத்து அவருடையது, சந்தாக் கணக்கு அவர் மனைவி எஸ்தருடையது. 1971இன் இறுதியில் அதை நிறுத்தும்போது வாசகர் எண்ணிக்கை 70,000ஐத் தொட்டிருந்தது. விளம்பரதாரருக்கோ அரசுக்கோ கட்டுப்படாமல் எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பதில் குழப்பம் இல்லாதிருந்ததே.

இன்று சந்தாவின் வடிவம் மாறியிருக்கிறது. 1645இல் தொடங்கிய சுவீடனின் அரசிதழ் 2007 ஜனவரி 1 முதல் காகிதத்தை விட்டு இணையத்துக்கு முழுமையாக மாறிவிட்டது; அதைவிட இளைய நூற்றுக்கணக்கான இதழ்கள் அதே வழியில் செல்கின்றன. மின்சந்தாவில் புதுப்பித்தல் தானாகவே நடக்கிறது. படிவம் நிரப்பி, மணியார்டர் எழுதி, அஞ்சலகத்துக்கு நடந்து செய்த அந்த ஆண்டுச் செயல் இப்போது வாசகரின் கவனத்துக்கே வராமல் வங்கிக் கணக்கில் நடந்து முடிகிறது. விரும்பித் தொடர்பவரையும் நிறுத்த மறந்தவரையும் பிரித்தறிய இதழுக்கு இனி வழியில்லை. இருவரும் விசுவாசமான வாசகர்கள் என்ற ஒரே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார்கள். இந்தியாவில் இவ்வாறு தானாகக் கழியும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு வங்கி அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியில் இதழின் பெயரும் தொகையும் தேதியும் இருக்கும். சென்ற ஆண்டு வாங்கிய தொகைக்கு என்ன கொடுத்தோம் என்பதை எழுத வேண்டிய வேலை இன்னமும் ஆசிரியரிடமே இருக்கிறது.